ஒழுங்கை வாயை மறித்து நிற்கும் ஓட்டோக்கள்: யாரிடம் போவது, என்ன கேட்பது?

திருகோணமலை நகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அரச அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். கணவர், பதினாறு வயது மகள், இதய நோயாளியான தாயார் ஆகியோருடன் பேருந்து நிலையத்துக்குக் கிட்டிய ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறார். ஒழுங்கை தொடங்கும் இடத்திலேயே ஓட்டோ தரிப்பிடம். முன்பெல்லாம் ஐந்தாறு வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது இருபதுக்கும் மேல் நிற்கின்றன. ‘வாகனங்கள் நிறுத்தக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழேயே வரிசையாக நிறுத்துகிறார்கள், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் ஏறுகிறார்கள். அண்மையில் ஓர் இரவு தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்து 1990 அம்புலன்ஸை அழைத்தபோது அது ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டது. தாயாரைக் கதிரையில் இருத்தித் தெரு வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மறுநாள் இவர் சாரதிகளுடன் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டார். அப்போது ஒருவர், “உங்கட மகள் ரியூசன் முடிஞ்சு எத்தனை மணிக்கு வாறா எண்டு எங்களுக்குத் தெரியும்” என்றிருக்கிறார். சில நாட்களில் கணவரின் மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இறக்கப்பட்டிருந்தது. கோபத்தில் கணவர் ஒழுங்கை வாயில் இரண்டு கொங்கிறீட் கட்டைகளை வைத்து, தானே ஒரு தடைப்பலகையும் எழுதி நட்டுவிட்டார். பொலிஸுக்குப் போனபோது வாய்முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள், விளங்காமலே கையொப்பம் வைத்ததாகச் சொல்கிறார். கையில் வண்டி இலக்கங்களோடு நிறையப் படங்கள் இருக்கின்றன. அவற்றை முகநூலில் போடச் சொல்லி மருமகன் நிற்கிறார்.

“லோயர் கடிதம் ஒன்று அனுப்பி இந்த ஸ்டாண்டை எடுப்பிக்கலாமா? சபைக்குக் காசு கட்டுகிறோம், எங்களை அசைக்க முடியாது என்கிறார்களே, அது உண்மையா? இவர்கள் யாரும் எங்கட ஆட்களும் இல்லை” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா இப்போது நலமாக இருக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து ஆறுதலடைந்தேன். நீங்கள் ஓட்டோக்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். என்றாலும் நான் முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மகளைப் பற்றிச் சொன்ன வார்த்தை

அந்த ஒரு வசனத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துவது போக்குவரத்துப் பிரச்சினை. பதினாறு வயதுப் பிள்ளை வரும் நேரம் தெரியும் என்று தாயிடம் சொல்வது வேறு வகையான விடயம். ஒருவரைப் பயமுறுத்தி, அவர் சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் தடுக்கும் எண்ணத்தோடு அச்சுறுத்தினால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 483ஆம் பிரிவு சொல்லும் குற்றமுறையான அச்சுறுத்தலாகலாம். 486ஆம் பிரிவின்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தச் சாரதி, கோபத்தில் வாய் தவறிச் சொன்னேன், அப்படி ஒரு எண்ணம் இருக்கவில்லை என்று வாதாடலாம். அது பிறகு தீர்மானிக்க வேண்டியது. உங்கள் வேலை, சொன்னதைச் சொன்னபடியே, சொன்ன நாளோடும் நேரத்தோடும், பக்கத்தில் நின்றவர் யார் என்பதோடும் பதிவு செய்து வைப்பது.

பொலிஸ் நிலையத்துக்கு மீண்டும் போங்கள், இந்தமுறை தமிழில் எழுதிய முறைப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்வது அரசியலமைப்பு உங்களுக்குத் தந்த உரிமை. முறைப்பாட்டைச் சிங்களத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பிழை. எழுதிய பின் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நீங்கள் விளங்கிக்கொண்ட பிறகுதான் கையொப்பம். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டை வாங்காமல் திரும்பாதீர்கள். ஏற்கெனவே போட்ட எண்ட்ரியில் மகளைப் பற்றிய விடயம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அதன் பிரதியை விண்ணப்பித்துப் பெறலாம்.

மோட்டார் சைக்கிள் விடயத்தில் ஒரு கவனம். காற்றை இறக்கியதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே ‘இன்ன திகதி காலையில் இப்படி இருந்தது’ என்று மட்டும் எழுதுங்கள், ‘ஓட்டோக்காரர் செய்தார்கள்’ என்று எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால், நிரூபிக்கக்கூடியதும் அதோடு சேர்ந்து பலவீனப்படும். கொஞ்ச நாளைக்கு மகளை ரியூசனிலிருந்து யாராவது கூட்டிக்கொண்டு வரட்டும். பயந்து அடங்கிப்போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விடயம் சூடாக இருக்கும் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

அந்தக் கட்டைகளை இன்றைக்கே எடுங்கள்

உங்கள் கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒழுங்கை வாயும் பொது வீதிதான். வீட்டுக்கு முன்னால் இருப்பதால் அது நமக்குச் சொந்தமாகாது. நமக்கு இருப்பது, தடையில்லாமல் வீட்டுக்குப் போய்வரும் உரிமை. அது வலுவான உரிமை. ஆனால் வீதியில் கட்டை வைக்கவோ பலகை நடவோ அது இடம் தராது. இந்த நிலையில் யாராவது வந்து விசாரித்தால், வீதியைத் தடுத்தவர் என்று முதலில் காட்டப்படப் போவது உங்கள் கணவர்தான். இரவில் ஒரு மோட்டார் சைக்கிள் அதில் மோதி ஒருவர் காயப்பட்டால் நட்டஈடும் வழக்கும் உங்கள் தலையில் விழும். அடுத்த முறை அம்புலன்ஸ் வரும்போது அதே கட்டைகள் அதன் வழியையும் மறிக்கும். அகற்றிவிட்டு, அகற்றிய நாளைக் குறித்து வையுங்கள்.

காசு கட்டினால் உரிமை வருமா?

ஓரளவுக்கு வரும், அவர்கள் சொல்லும் அளவுக்கு வராது. உள்ளூராட்சி சபை முறையாக ஓர் இடத்தைத் தரிப்பிடமாக ஒதுக்கி, அதற்குக் கட்டணமும் அறவிட்டால், அந்த எல்லைக்குள், ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் நிற்க அவர்களுக்கு அனுமதி உண்டு. எட்டு வண்டிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் இருபது நின்றால், மிச்சப் பன்னிரண்டும் அந்த ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. எட்டுப் பேருக்கும்கூட, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் ஏறும் அனுமதியை எந்த ரசீதும் கொடுக்காது. இன்னொன்று, சில இடங்களில் சாரதிகள் ‘காசு கட்டுகிறோம்’ என்று சொல்வது சபைக்கான கட்டணமே இல்லை, ஓட்டோச் சங்கத்துக்குச் சேரும்போது கட்டிய பணம். சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்கும் காசு பொது வீதியில் யாருக்கும் இடம் பிடித்துக் கொடுக்காது.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்த ‘நிறுத்தக் கூடாது’ பலகையை நட்டது யார்? எங்கள் நகரத்தில் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் தாங்களாகவே நட்ட பலகைகள் ஏராளம். அதிகாரமுள்ள நிறுவனம் முறைப்படி நட்ட குறியீடாக இருந்தால்தான் அதை மீறியதற்காகப் பொலிஸார் தண்டப்பத்திரம் எழுதலாம். அப்படி இல்லாவிட்டாலும் உங்கள் வழக்கு விழுந்துவிடாது. வீதிச் சந்தியில், பாதசாரிக் கடவையில், மற்ற வாகனங்கள் போக முடியாதபடி வண்டியை விடுவது பலகை இல்லாமலே தவறுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதன் ஒழுங்குவிதிகளிலும் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் எதை ஆதாரமாக வைத்துப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் அனுபவத்தில் இப்படியான பிணக்குகளில் மிகவும் பயன்பட்டதும், மக்கள் மிகவும் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அந்தத் தரிப்பிடம் எந்த ஆண்டில், எந்தத் தீர்மானத்தின்படி ஒதுக்கப்பட்டது, எத்தனை வண்டிகளுக்கு, எல்லை காட்டும் வரைபடம் இருந்தால் அதன் பிரதி, ஒருவழி ஏற்பாட்டையும் தடைப்பலகையையும் அங்கீகரித்தது யார், அறவிடும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கொடுப்பதாகத் தீர்மானித்தால், கட்டணம் ஏதும் இருந்தால் அதைக் கட்டிய பின், அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் கிடைக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

அந்தத் தெரு யாருடையது என்பதையும் இதோடு அறிந்துகொள்ளுங்கள். கண்டி வீதி, அநுராதபுர வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மாகாணத்தின் கீழ் சில வீதிகள், சபையின் கீழ் சில. உங்கள் ஒழுங்கை ஒருவரிடமும் அது போய்ச் சேரும் தெரு இன்னொருவரிடமும் இருந்தால், இருவரும் ஆளை ஆள் காட்டி உங்களை அலைய விடுவார்கள். யாரிடம் எது என்று கடிதத்தில் பதில் இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஸ்டாண்டை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்

இது நீங்கள் எதிர்பார்த்த பதில் இல்லை என்று தெரியும். சட்டத்தரணியின் கடிதம் ஒரு கோரிக்கை மட்டுமே, யாரையும் அது கட்டுப்படுத்தாது. அதைப் பார்த்துச் சங்கம் தரிப்பிடத்தை விட்டு எழும்பப் போவதில்லை. சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் அவர்களுக்கும் இருக்கிறது. அந்தத் தரிப்பிடத்தில் நிற்கும் பலர் லீசிங் கட்டுகிறவர்கள். கொழும்பு இரவு பஸ்ஸும் ரயிலும் வரும் நேரத்துக்கு விடியற்காலையில் எழும்பி ஹயருக்குக் காத்து நிற்கிறார்கள். கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் போகிற சனத்தை ஏற்றி இறக்குவதும் அவர்கள்தான். வண்டிகள் கூடிக்கொண்டு போக, ஒதுக்கிய இடம் மட்டும் கூடவில்லை. முழுத் தரிப்பிடத்தையும் அகற்றச் சொன்னால், சபையும் பொலிஸும் அவர்களுக்கு எங்கே மாற்றிடம் கொடுப்பது என்ற கேள்வியில் சிக்கி, உங்கள் கோவையை மூடி வைத்துவிடுவார்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒழுங்கை வாய். அதை மட்டும் கேளுங்கள். வாயின் இரு பக்கமும் இத்தனை அடிக்கு எந்த வாகனமும் நிற்கக் கூடாது, அந்தப் பகுதியில் வீதியில் மஞ்சள் கோடு கீற வேண்டும், தரிப்பிடத்தின் எல்லையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும், ஒருவழிக் குறியீட்டைச் சரியான இடத்தில் நட வேண்டும். அளவுநாடாவை எடுத்து அளந்து ஒரு சிறு வரைபடமும் போட்டு, ஒழுங்கைக்குள் இருக்கும் மற்ற வீட்டாரின் கையொப்பங்களோடு கொடுங்கள். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை முதல் பந்தியிலேயே எழுதுங்கள். அம்புலன்ஸுக்கு வழி விடுங்கள் என்ற கோரிக்கையை எதிர்த்து வெளிப்படையாகப் பேச எந்த அலுவலருக்கும் எந்தச் சங்கத் தலைவருக்கும் மனம் வராது. கடிதம் சபைக்கு, பிரதிகள் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுப் பொறுப்பதிகாரிக்கும் பட்டணமும் சூழலும் பிரதேச செயலாளருக்கும் போகட்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதற்கு முன், அல்லது அதே வாரத்தில், ஓட்டோச் சங்கத் தலைவரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் கணவரின் மைத்துனர் முறையான ஒருவரும் அங்கே வண்டி ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவோமோ என்று தயங்குகிறீர்கள். அவரைச் சாட்சியாக்க வேண்டாம், சங்கத் தலைவரிடம் அறிமுகப்படுத்த மட்டும் கேளுங்கள். அச்சுறுத்தியவரோடு நேரே பேச வேண்டாம், அது பொலிஸில் நிற்கட்டும். பேச்சு ஒத்துவந்தால், ஒத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். நடுவில் ஒருவர் இருந்தால் நல்லது என்று தோன்றினால் மத்தியஸ்த சபையையும் நாடலாம். அங்கே செலவில்லை, சட்டத்தரணிகள் வந்து வாதாடுவதும் இல்லை. அங்கே எடுக்கும் முடிவு உங்களையும் சங்கத்தையும் பற்றியது மட்டுமே, வீதிக்குக் கோடு போடும் அதிகாரம் சபையிடமும் பொலிஸிடமும்தான் இருக்கும்.

இவை ஒன்றும் நடக்காவிட்டால்

பொலிஸார் நடவடிக்கை எடுக்காவிட்டால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும், பிறகு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அதற்கு அந்த முறைப்பாட்டு இலக்கம் வேண்டும், அதனால்தான் துண்டை வாங்கச் சொன்னேன்.

நீதிமன்றத்தில் உங்களுக்குப் பொருந்தும் வழி 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுமக்கள் பயன்படுத்தும் பாதையில் சட்டவிரோதமான தடையோ தொல்லையோ இருந்தால், அதை அகற்றும்படி அல்லது ஏன் அகற்றக் கூடாது என்று வந்து காரணம் காட்டும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். அவசரமான நிலையில் 106ஆம் பிரிவின் கீழ் உடனடிக் கட்டளையும் பெறலாம், அது 14 நாட்களுக்கு மேல் நிலைக்காது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கட்டளை யாருக்கு எதிராக? இன்றைக்கு மறிக்கும் வண்டி நாளைக்கு இல்லை, வேறொன்று நிற்கும். ஆகவே சங்கத்தின் பொறுப்பாளர்களையும், இடத்தை ஒதுக்கிய சபையையும் தெளிவாகப் பெயர் குறிப்பிட்டுப் போக வேண்டும். அதற்கும் நீங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பிரதிகள்தான் கைகொடுக்கும். அவை கைக்கு வரும்வரை வழக்குக்கு அவசரப்படாதீர்கள். ஆனால் அம்மாவின் நிலை மோசமாகி, அம்புலன்ஸ் வரும் வழி இன்னமும் அடைபட்டே இருந்தால் காத்திருக்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும், திருகோணமலையிலும் அதன் நிலையம் இருக்கிறது. அரச சம்பளம் காரணமாக நீங்கள் அந்த வரம்புக்குள் வராமல் போகலாம், அப்படியானால் ஒழுங்கையிலுள்ள வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு சட்டத்தரணியை அமர்த்தினால் சுமை குறையும்.

முகநூலும் ‘எங்கட ஆட்களும்’

படங்களை முகநூலில் போடாதீர்கள். 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது உண்மை, ஆனால் அவதூறுக்கு நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போட இன்னமும் முடியும். இணையத்தில் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. எனக்கு இவற்றைவிடப் பெரிய பயம், உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதப்போவதைப் பற்றியது. மூன்று சமூகங்களும் தோளோடு தோள் உரசி வாழும் ஊர் இது. ஒரு பார்க்கிங் தகராறு ஒரே இரவில் ‘அவர்கள்’, ‘நாங்கள்’ என்று மாறிப்போகும் என்பதை எங்கள் தலைமுறை நேரில் கண்டிருக்கிறது. இனப்பகைமையைத் தூண்டும் எழுத்து 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் (ICCPR) கீழ் பிணை கிடைப்பதே கடினமான குற்றம். அது உங்கள் மருமகனின் வயதிலுள்ள பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அந்தத் தரிப்பிடத்தில் உங்கள் சொந்தக்காரரும் நிற்கிறார். மறித்து நிற்கும் வண்டிக்கு இனம் இல்லை, இலக்கத் தகடுதான் இருக்கிறது. முறைப்பாட்டில், சபைக் கடிதத்தில், நீதிமன்றத்தில் எங்கேயும் அந்த வரி வரக் கூடாது. அது உங்கள் நியாயத்தைக் குறைத்துவிடும் என்பது ஒரு காரணம், அது சரியில்லை என்பதே எனக்கு முதல் காரணம்.

படங்களை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பொலிஸ் திணைக்களத்தின் ஈ-ட்ரபிக் செயலியில் போக்குவரத்து மீறல்களின் படத்தையோ காணொளியையோ அனுப்பலாம். எடுத்த தொலைபேசியிலேயே மூலப்படங்களை அழிக்காமல், வெட்டாமல், எழுத்துப் போடாமல் வைத்திருங்கள். வழக்கு வந்தால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் அவற்றைச் சாட்சியமாக்கலாம், அதற்கு விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். சாரதிகளின் முகத்துக்கு நேரே தொலைபேசியைப் பிடித்து எடுக்காதீர்கள், அதனால்தான் பாதிச் சண்டை கிளம்புகிறது. உங்கள் வாசலில் நின்று, ஒழுங்கை வாய் முழுவதும் தெரியும்படி, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு நேரங்களில் எடுத்த சில படங்கள் போதும். ஒரு வண்டியின் இலக்கத்தைக் காட்டும் நாற்பது படங்களைவிட, வழியே இல்லை என்பதைக் காட்டும் நான்கு படங்களை நீதவான் நின்று பார்ப்பார்.

இதற்கிடையில் அம்மாவுக்கு அவசரம் வந்தால், 1990ஐ அழைக்கும்போதே ஒழுங்கை அடைபட்டிருக்கும் என்று சொல்லி, தெருவில் எந்த இடத்தில் காத்து நிற்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவர் உடனே ஓடிப்போய் வண்டிகளை நகர்த்தச் சொல்லட்டும். சங்கத் தலைவரோடு பேசும்போது அவருடைய தொலைபேசி இலக்கத்தையும், இரவில் தரிப்பிடத்தில் நிற்கும் ஒருவரின் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததும் அதன் பிரதியோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள், 98ஆம் பிரிவுக்குப் போவதா இல்லையா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.